ஜன்னலம்மாவும் பதினொரு பேனாவும்

பிப்ரவரி 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆறு வருடம் கழித்து எழுதும் கடிதத்தில் இந்த மூன்று வரியைத் தாண்டி எப்படிப் போவது என்று தெரியாமல் நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நான் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துகொண்டேன். உனக்குத் தெரிந்திருக்காது. எழுநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் தன் முப்பதாவது வயதில் ஓர் அறைக்குள் போனாள்; வாசலைச் சுவர் வைத்து அடைக்கச் சொன்னாள். மிச்சம் விட்டது ஒரே ஒரு ஜன்னல். அதன் பிறகு அவள் வெளியே வரவே இல்லை. ஊர் மக்கள் அந்த ஜன்னலுக்கு வந்து தங்கள் கஷ்டங்களைச் சொன்னார்கள். ஆய்வாளர்கள் அவளைச் சாளரத்தாள் என்பார்கள். அவள் சொன்னதாகத் தொண்ணூற்றிரண்டு வாசகங்கள் அச்சில் இருக்கின்றன. நீயும் படித்திருப்பாய்: "உட்கார். மூச்சு விடு. பிறகு சொல்." நாட்காட்டியிலும் வாழ்த்து அட்டையிலும் போடுகிறார்களே, அது அவளுடையதுதான்.

உங்கள் ஊர்ப் பழைய நூலகத்தில் இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அலமாரியைக் காலி செய்தபோது அந்த வாசகங்களின் கையெழுத்துப் பிரதி ஒன்று கிடைத்தது. எழுபது தாள். எந்த அச்சுப் புத்தகத்தையும்விடப் பழையது. என் வழிகாட்டியான பேராசிரியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, யாரோ கவனமில்லாதவர் எடுத்த மோசமான நகல் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அதை ஒப்பிடாமல் ஆய்வேட்டைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். மை வெளிறிப்போகும் என்று படம் எடுக்க விடுவதில்லை. நேரில் உட்கார்ந்து பென்சிலால் எழுதிக்கொள்ளத்தான் அனுமதி. எனக்கோ போன மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை. நான்கு மாதம் ரயில் ஏறக் கூடாது. ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள் ஜூன் முப்பது. அதையும் விட்டால் ஐந்து வருட உழைப்பு போய்விடும்.

உனக்கு வாரத்தில் ஒரு நாளாவது விடுமுறை இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய எழுத்துகளுக்கு ஓர் அட்டவணை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முடியாது என்றால் ஒரு வரி எழுதிவிடு, தப்பாக நினைக்க மாட்டேன்.

போனில் கேட்டிருக்கலாம். நீ எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

இப்படிக்கு,
அண்ணி

பிப்ரவரி 15

அன்புள்ள டீச்சர் அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நல்லவேளை போன் செய்யவில்லை. நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் முதல் நிமிடம் நலம் விசாரிப்போம், இரண்டாவது நிமிடம் சண்டை போடுவோம். கடிதம் என்றால் சண்டைக்கும் தபால் தலை ஒட்ட வேண்டும். ஒருவர் கோபமாக எழுதினால் மற்றவருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிப்போயிருக்கும். இப்படியே வைத்துக்கொள்வோம்.

எனக்குப் புதன்கிழமை விடுமுறை. மற்ற நாளெல்லாம் பழைய இடம்தான்: அதே மருத்துவமனை, தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் அதே விசாரணை கவுண்டர், அதே கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், ஊரே வந்து கஷ்டம் சொன்னது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும், இவளுக்கு மட்டும் வாசகம், எனக்கு மட்டும் வருகைப் பதிவேடா என்று சிரிப்பு வந்தது. நான் அவளை ஜன்னலம்மா என்றே கூப்பிடப் போகிறேன். சாளரத்தாள் என்றால் ஏதோ மருந்து பெயர் மாதிரி இருக்கிறது.

இந்தப் புதன்கிழமை நூலகத்துக்குப் போனேன். வாசலில் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். பையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லிப் பேனாவையெல்லாம் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு ஆளுக்கு ஒரு பென்சில் கொடுக்கிறார். அவருக்குப் பென்சிலம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். உள்ளே ஏழு மேஜை. சாய்வுப் பலகையில் மெத்தை மாதிரி ஒன்றைப் போட்டு அதன்மேல்தான் புத்தகத்தை வைக்கிறார்கள், நோயாளியைப் படுக்க வைக்கிற மாதிரி. என் உள்ளங்கை இரண்டையும் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவுதான் தாள். உங்கள் அட்டவணையை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் தாளுக்கு ஒன்றரை மணி நேரம். ஐந்தாவது தாளுக்கு இருபது நிமிடம். எனக்கே ஆச்சரியம்.

ஐந்து தாள் எழுதி இதோடு அனுப்புகிறேன். கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ஓரத்தில் சின்னச் சின்னதாகப் படம் இருக்கிறது, அதையும் முடிந்த மட்டும் வரைந்திருக்கிறேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரமாக இருக்கிறேன் என்று காட்டுவதற்காக வீட்டுப் படியில் ஏறி இறங்க வேண்டாம்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் உறையைப் பிரித்ததும் ஐந்து தாளையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு சாப்பிட மறந்துபோனேன். பத்து நாளில் பழைய எழுத்தை இவ்வளவு அழகாகப் பிடித்துவிட்டாயே. எங்கள் துறையில் இளைஞர்கள் ஒரு வருடம் தடுமாறுவார்கள்.

ஒன்றே ஒன்று. உன் தாள்களிலேயே குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பார். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. "உட்கார். மூச்சு விடு. பிறகு சொல்" என்பது மட்டும் ஐந்து தாளில் பதினேழு முறை. பிரதி எடுத்தவர் தூக்கக் கலக்கத்தில் பார்த்ததையே பார்த்து எழுதியிருக்க வேண்டும். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது ஒரு வரியை இரண்டு முறை எழுதிவிடுவார்களே, அப்படி. ஆகையால் ஒரு முறை எழுதியதை மறுபடி எழுத வேண்டாம். ஓரத்துக் கிறுக்கல்களையும் விட்டுவிடு. உன் நேரமும் மிச்சமாகும்.

இந்த வாசகத்தின் மேல்தான் என் மூன்றாம் அத்தியாயமே நிற்கிறது. "உட்கார்" என்பது உடலை அடக்குவது. "மூச்சு விடு" என்பது மனத்தை அடக்குவது. "பிறகு சொல்" என்பது மௌனத்திலிருந்து பிறக்கும் சொல். மூன்று படிகள். பேராசிரியர் அவருடைய பதிப்பின் முன்னுரையில் இதை ஒரு வரியில் தொட்டிருக்கிறார். நான் அறுபது பக்கம் எழுதியிருக்கிறேன்.

அடுத்த தாள்களுக்குத் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அண்ணி

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

தாள்கள் திரும்பி வந்தன. சிவப்பு மையைப் பார்த்தேன். பதினேழு வட்டம். கடைசித் தாளின் அடியில் "கவனம் தேவை" என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கத்தில் வந்துவிட்டது என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஐம்பத்தாறு வயதில் அதை வீட்டில் வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை, ஐந்து தாளையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் சேர்த்து எழுதவில்லை.

சொன்னபடி, திரும்ப வந்ததையெல்லாம் விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன். படம் கிடையாது. ஆறாம் தாளிலிருந்து பன்னிரண்டாம் தாள் வரை மொத்தமாகவே ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது.

உங்கள் நாத்தனார்

மார்ச் 12

அண்ணி,

போன கடிதத்தின் கோபம் தபாலிலேயே ஆறிப்போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நீங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

திங்கட்கிழமை நான் பணி முடித்துக் கிளம்பும்போது அடுத்த ஷிஃப்டுக்கு வந்த பெண்ணிடம் என் குறிப்புப் பேடைக் கொடுத்தேன். எங்கள் கவுண்டரில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. நோயாளிகளின் உறவுக்காரர்கள் வருவார்கள், பெயரெல்லாம் நினைவில் நிற்காது. அதனால் ஆளுக்கு ஒரு சின்னப் படம். குடையோடு வந்தவருக்குக் குடை, பெரிய மூக்குக்கண்ணாடிக்கு இரண்டு வட்டம். பக்கத்தில் நான் அவருக்குச் சொன்ன பதில். அவர் மறுபடி வந்தால் மறுபடி படம், மறுபடி பதில். அடுத்து உட்காருகிறவர் அதைப் பார்த்து, இவர் எத்தனை முறை வந்தார், என்ன சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்வார். அந்தப் பெண் பேடைப் புரட்டிவிட்டு, "என்னக்கா, பக்கம் பூரா 'உக்காருங்க, டாக்டர் வந்ததும் சொல்றேன்'தான் இருக்கு"ன்னு சிரித்தாள். "வந்தவங்க எல்லாரும் வேற வேற ஆளுடி"ன்னு சொன்னேன். சொன்ன வாயை மூட முடியவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு நூலகத்து வாசலில் முதல் ஆளாக நின்றேன். முதல் தாளிலிருந்து வெறும் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு கைத்தடி இருக்கிறது. பிடியில் ஒரு வளைவு, நடுவில் ஒரு முடிச்சு. எட்டாம் தாளில் அது நான்கு முறை வருகிறது, நான்கு முறையும் அதே முடிச்சு. பக்கத்தில் நான்கு முறையும் "நாளைக்கும் வா." பதிமூன்றாம் தாளில் ஐந்தாம் முறை அதே தடி, பதில் மட்டும் வேறு: "இனி வராவிட்டாலும் சரி."

அந்தப் பதில் உங்கள் தொண்ணூற்றிரண்டில் இருக்கிறதா? நான் அறிந்த வரையில் இல்லை.

அண்ணி, அது மோசமான நகல் இல்லை. அது நகலே இல்லை. அது ஜன்னலம்மாவின் பேடு. கைத்தடிக்காரர் ஐந்து நாள் வந்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். "உட்கார், மூச்சு விடு, பிறகு சொல்" என்பது மூன்று படி இல்லை. ஓடி வந்தவருக்கு நாற்காலி போடுவது. நான் அதைத் தினமும் நாற்பது முறை சொல்கிறேன்.

வாலு

(கையெழுத்தைத் தானாகப் போட்டுவிட்டேன். அண்ணன் கூப்பிட்ட பெயர். அடிக்க மனமில்லை.)

மார்ச் 19

அன்புள்ள வாலுக்கு,

அடிக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தை முதல் முறை படித்ததும் சிரித்தேன். மருத்துவமனையையும் மகானையும் முடிச்சுப் போடுகிறாள் என்று நினைத்தேன். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு நின்றது. சிவப்பு வட்டம் போட்ட அந்த ஐந்து தாளையும் நீ என்னிடமே திருப்பி அனுப்பிவிட்டிருந்தாய் அல்லவா? பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வட்டங்கள் பதினேழு. நீ வரைந்த ஓரப் படங்கள் பதினேழு. கூடை, செருப்பு, ஒற்றைச் சக்கரம், குழந்தையின் கை. ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. பதினேழு பேருடைய தலையில் வட்டம் போட்டுக் "கவனம் தேவை" என்று எழுதியிருக்கிறேன்.

வகுப்பில் காலையில் வருகைப் பதிவு எடுப்போம். நாற்பது பிள்ளைகள் நாற்பது முறை "உள்ளேன்" என்பார்கள். ஒரே சொல் திரும்ப வருகிறதே என்று முப்பத்தொன்பதை அடித்துவிட்டால், வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைதான் மிஞ்சும். முப்பத்து மூன்று வருடம் பதிவேட்டைப் பிடித்த கை என்னுடையது. எனக்கு இது தோன்றவில்லை, உனக்குத் தோன்றிவிட்டது.

"இனி வராவிட்டாலும் சரி" எந்தப் பதிப்பிலும் கிடையாது. அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். அப்புறம்தான் ஊன்றுகோலை எடுக்காமல் நடக்கிறேன் என்று தெரிந்தது. மருத்துவர் கேட்டால் ஜன்னலம்மா குணப்படுத்தினாள் என்று சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றி நீ சொன்னது உண்மையானால் அறுபது பக்கம் குப்பைக்குப் போகும். போகட்டும். எல்லாவற்றையும் எழுது. திரும்ப வருவதை, படத்தை, மைத்துளியை, தாளில் இருக்கும் கறையை, எல்லாவற்றையும். ஒன்றையும் விடாதே. சிவப்புப் பேனாவை மேஜை அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன்.

கைத்தடிக்காரர் மறுபடி வருகிறாரா?

அண்ணி

ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணிக்கு,

கைத்தடிக்காரர் வரவில்லை. அவருக்கு நிம்மதி கிடைத்துவிட்டது என்று நானும் பென்சிலம்மாவும் முடிவு செய்திருக்கிறோம். ஆமாம், பென்சிலம்மாவும் நம் கட்சியில் சேர்ந்துவிட்டார். போன வாரம் நான் உள்ளே போனதுமே காதருகே வந்து, "இன்னைக்கு யார் யார் வந்தாங்க?"ன்னு கேட்டார், ஏதோ பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி.

லீவு போட்டு வாரத்துக்கு இரண்டு நாள் போகிறேன். இதோடு தாள் ஐம்பத்தைந்து வரை இருக்கிறது. ஒற்றைச் சக்கரத்துக்காரர் எப்போது வந்தாலும் அவருக்கு "தெரியாது. ஆனால் இருக்கிறேன்" என்ற பதில்தான். செருப்புக்காரிக்கு ஒரு முறை "அது உன் தப்பு இல்லை" என்று மூன்று தரம் அடுத்தடுத்து எழுதியிருக்கிறது. மூன்று தரமும் ஒரே செருப்புதான். ஒரு முறை சொன்னால் கேட்கிற பெண் இல்லை போல.

இப்போது முக்கியமான ஆள். பானைக்காரி. கழுத்து உடைந்த பானை. ஒன்பதாம் தாளில் முதல் முறை வருகிறாள். அதன் பிறகு எங்கே பார்த்தாலும் அவள்தான். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று முறை. முதலில் எல்லாருக்கும் சொன்ன பதில்தான் அவளுக்கும். முப்பதாம் தாளுக்கு மேல் பானைக்குப் பக்கத்தில் பதிலே இல்லை. வெறும் பானை. கஷ்டம் சொல்ல வரவில்லை, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க வந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். எங்கள் வாசலிலும் அப்படிச் சிலர் உண்டு.

மிச்சம் பதினைந்து தாள்.

வாலு

ஏப்ரல் 24

அண்ணி,

உறையில் முதலில் இருக்கும் தாளைப் பாருங்கள், அது அறுபது. அங்கே கையெழுத்து நடுங்குகிறது. படமெல்லாம் வெறும் புள்ளியாகிவிட்டது. பக்கத்தில் பாதிப் பதில். அடுத்தது அறுபத்தொன்று. வேறு கை. எழுத்து பெரியது, கோணல், ஆனால் நடுக்கம் இல்லை. முதல் படம் ஒரு மண்வெட்டி. பக்கத்தில் "உட்கார். மூச்சு விடு. பிறகு சொல்."

ஷிஃப்ட் மாறியிருக்கிறது அண்ணி.

பென்சிலம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேருமாக அறுபத்தொன்றிலிருந்து எழுபது வரை ஒவ்வொரு படமாகத் தேடினோம். கூடை வருகிறது. செருப்பு வருகிறது. ஒற்றைச் சக்கரம் வருகிறது. பானை மட்டும் ஒரு முறைகூட வரவில்லை.

நாற்பத்து மூன்று முறை வந்தவள் அதற்கப்புறம் ஏன் வரவில்லை? பென்சிலம்மாதான் சொன்னார், மெதுவாக: "அவ எதுக்கு வரணும். அவதான் உள்ள இருக்காளே."

உங்களுக்கு எப்படி இருக்கிறது, உடனே எழுதுங்கள்.

வாலு

மே 9

அன்புள்ள வாலுக்கு,

ஒருத்தி என்று எழுநூறு வருடமாக உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒருத்தி இல்லை. கஷ்டத்தைச் சொல்ல வந்த ஒருத்தி, கேட்கிறவளாக மாறி உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின் இன்னும் யாராவது உட்கார்ந்திருக்கலாம். பானைக்காரிதான் உள்ளே போனாள் என்பது ஊகம்தான். ஆய்வேட்டில் ஊகம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் கை மாறியது ஊகம் இல்லை. நான்கு நாள் யாரைப் பார்த்தாலும் இதையே சொன்னேன். பால் கொடுக்க வந்தவர் அளவை மறந்து நின்று கேட்டார்.

நேற்று உன் பிரதிகளை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். அவர் பொறுமையாகத்தான் பார்த்தார். பிறகு, "படம் போட்ட பானையை வெச்சு யாரும் பட்டம் வாங்கினதில்லம்மா" என்றார். எழுதியது முழுக்க ஒரே ஞானியின் வாக்கு என்பதுதான் அவருடைய பதிப்பு, இருபது வருட உழைப்பு. அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அறுபது பக்கத்துக்கே எனக்கு எப்படி இருந்தது என்று தெரியும். அவர் ஒரு வழி சொன்னார். திரும்ப வருபவை பிரதி எடுத்தவரின் இயந்திரத்தனமான பிழை என்று வைத்துக்கொண்டு, ஓரப் படங்களை ஓர் அடிக்குறிப்பில் சொல்லிவிட்டால் ஜூன் முப்பதுக்குள் கையெழுத்துப் போட்டுவிடுவார். அத்தியாயமாக எழுதுவேன் என்றால் நான் வேறு வழிகாட்டியைத் தேட வேண்டும், கால நீட்டிப்புக்கு மனுப் போட வேண்டும். அது கிடைக்கும் என்று நிச்சயமில்லை.

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் வயதையும் முழங்காலையும் நினைத்துப் பார். பட்டம் வந்த பிறகு தனிக் கட்டுரையாக எழுதலாம். அடிக்குறிப்பில் உனக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் நீளமான அடிக்குறிப்பு.

நீ கோபப்பட மாட்டாய் என்று நம்புகிறேன்.

அண்ணி

மே 17

அன்புள்ள அண்ணிக்கு,

கோபம் இல்லை. நன்றியும் வேண்டாம். உங்கள் பட்டம், உங்கள் முடிவு. "இயந்திரத்தனமான" என்ற ஒரு சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். அதனால் ஆறு வருடமாகச் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் எங்கள் மருத்துவமனையில் உள்ளே கிடந்த அந்தக் கடைசி நாள். காலை ஒன்பது மணியிலிருந்து நீங்கள் என் ஜன்னலுக்கு வந்து வந்து கேட்டீர்கள், எப்படி இருக்கிறார் என்று. நான் சொன்னேன், "தூங்கறார் அண்ணி, உக்காருங்க." ஒவ்வொரு முறையும் அதையே சொன்னேன். கடைசியில் நீங்கள் எல்லார் எதிரிலும் கண்ணாடியைத் தட்டி, "உனக்கு வேற வார்த்தையே தெரியாதா? அண்ணனும் உனக்கு ஒரு டோக்கன் நம்பர்தானா?" என்று கேட்டீர்கள். கேட்டது நியாயம்தான். அந்த இடத்தில் நின்றால் நானும் கேட்டிருப்பேன். அன்றைக்கு என்னை லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுக்கவில்லை. கவுண்டரில் இருந்தால்தான் நினைத்தபோது உள்ளே போய்ப் பார்க்க விடுவார்கள் என்று நான்தான் பிடிவாதமாக உட்கார்ந்தேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். என் பேடில் அன்றைய பக்கம். பேடு தீர்ந்ததும் கிழித்துப் போட்டுவிடுவோம், இதை மட்டும் போடவில்லை. குடை, மூக்குக்கண்ணாடி எல்லாம் இருக்கிறது. பேனா மாதிரி இருப்பது நீங்கள். உங்கள் கைப்பையில் எப்போதும் சிவப்புப் பேனா செருகியிருக்கும், அதுதான் அடையாளம். எண்ணிப் பாருங்கள், பதினொன்று. பக்கத்தில் பதினொரு முறையும் "தூங்கறார், உக்காருங்க"தான். ஆனால் பேனா ஒன்றுபோல ஒன்று இல்லை. மூன்றாவதற்கு மூடி இல்லை, நீங்கள் பையைக் கீழே போட்டு மூடி உருண்டு போயிற்று. ஏழாவது படுத்திருக்கிறது, நீங்கள் பெஞ்சில் கொஞ்சம் சாய்ந்திருந்தீர்கள். பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு இருக்கும், பதினொன்றிலும். நான் எழுந்து உள்ளே போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தேன் என்பதற்கு நான் போடுகிற கோடு அது. பார்க்காமல் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. பதினொரு முறையும் அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

அதனால்தான் ஜன்னலம்மாவின் பேடைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. வேறு பெரிய அறிவெல்லாம் இல்லை.

கைத்தடிக்காரரை அடிக்குறிப்பில் உட்கார வைத்தால் அவருக்குக் காலை நீட்ட இடம் இருக்காது. அவ்வளவுதான் சொல்வேன். முழங்கால் எப்படி இருக்கிறது?

வாலு

ஜூன் 3

அன்புள்ள வாலுக்கு,

உன் தாளைப் பதினைந்து நாளாக மேஜைமேல் வைத்திருக்கிறேன். முதல் நாள் பூதக்கண்ணாடி இல்லாமலே எல்லாக் கோடும் தெரிந்தது.

பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்லாமல் ஒரு பாடமும் நடத்தியதில்லை நான். இதற்கு ஓர் உதாரணம் தேடினேன். கிடைக்கவில்லை. இதுவேதான் உதாரணம் என்று பிறகு புரிந்தது. ஒரே சொல்லைத் திரும்பக் கேட்டதும், சொன்னவள் கவனம் இல்லாமல் சொல்கிறாள் என்று அன்றைக்கு நான் திருத்தினேன். ஆறு வருடம் கழித்து உன் தாளில் சிவப்பு வட்டம் போட்டபோதும் அதே தப்பைத்தான் செய்தேன். ஒரு தப்பை இரண்டாம் முறை செய்த பிள்ளையை நான் வகுப்பில் என்ன பாடு படுத்தியிருக்கிறேன் என்று உன் அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

என்னை மன்னித்துவிடு வாலு. அவர் என் கணவர் என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அவர் அண்ணன் என்பதைக் கண்ணாடியைத் தட்டிக் கேட்கும்போதுகூட நான் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை பேராசிரியரைப் பார்த்தேன். அடிக்குறிப்பை எடுத்துவிட்டேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. மூன்றாம் அத்தியாயத்தையும் எடுத்துவிட்டேன் என்றதும் அவருக்குப் புரிந்துபோயிற்று. "ரிஸ்க்கும்மா" என்றார். "தெரியும் சார்" என்றேன். எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பினார். சுவடித் துறையில் ஒரு பெண் பேராசிரியர் இருக்கிறார். நீ எழுதிய அறுபதையும் அறுபத்தொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, வழிகாட்டியாக இருக்கிறேன் என்று சொன்னார். கால நீட்டிப்பு மனு குழுவுக்குப் போயிருக்கிறது. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் பட்டம் இல்லாமலே புத்தகமாக எழுதுவேன். எப்படியானாலும் மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு முடிவாகிவிட்டது: "நாற்காலி". முதல் பக்கத்தில், கண்டுபிடித்தவள் ஜன்னலுக்குப் பின்னால் வேலை பார்ப்பவள் என்று இருக்கும். உன் பெயரோடு. அடிக்குறிப்பில் இல்லை.

இத்தனை எழுதியும் மனம் துள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. நான் இன்னும் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்கவில்லையே. அந்தக் கழுத்து உடைந்த பானையை நேரில் பார்க்க வேண்டும். மருத்துவர் ரயில் ஏறலாம் என்று சொல்லிவிட்டார். பதினாறாம் தேதி செவ்வாய் மாலை வந்து சேர்கிறேன்.

உன் பேடில் பன்னிரண்டாவது பேனாவுக்கு இடம் வைத்திரு. அன்றைக்குப் பதினொரு முறை வந்து அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் வருகிறேன்.

உன் அண்ணி

ஜூன் 9

அண்ணி,

அவசரத்தில் ஓர் அஞ்சலட்டை. செவ்வாய்க்கிழமை ரயில் நிலையத்துக்கு வருகிறேன். நீங்களே இறங்க முயற்சி செய்ய வேண்டாம், பெட்டி வாசலிலேயே நில்லுங்கள்.

புதன்கிழமை நூலகம் பத்து மணிக்குத் திறக்கும். பென்சிலம்மாவிடம் சொல்லிவிட்டேன், ஒரே மேஜைக்கு இரண்டு நாற்காலி போட்டு வைப்பதாகச் சொன்னார். உங்கள் பேனாவை மட்டும் அவர் டப்பாவில் போட்டுவிடுவார், சண்டை பிடிக்காதீர்கள்.

கீழே இருப்பது பன்னிரண்டாவது. இதற்கு மூடி போட்டு வரைந்திருக்கிறேன். பக்கத்தில் பதில் எழுதவில்லை, நேரில் சொல்கிறேன்.

வாலு